பணமும் காசும் குரோனும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

முன்னுரை

"கையிலே காசு, வாயிலே தோசை" என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. கையில் இருப்பது தோசைக் கடைக்காரர் ஏற்கும் காசாக இருந்தால்தான் இப்பழமொழி பலிக்கும். அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் மதிப்போடு செல்லும் ஐந்நூறு ரூபாய்த் தாள், கோபன்ஹேகன் நகரத்துக் கடையில் வெறும் வண்ணத்தாளே ஆகும். நாடு விட்டு நாடு செல்வோர் முதலில் உணர வேண்டிய உண்மை இது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் முந்திரிக் காட்டையும் பருத்திக் கொல்லையையும் நம்பி வாழும் குடும்பங்களிலிருந்து இன்று பலர் வெளிநாடு செல்கின்றனர். சிங்கப்பூர், மலேயா, வளைகுடா நாடுகள் என்றிருந்த நிலை மாறி, ஐரோப்பாவுக்குப் படிக்கவும் பயிற்சி பெறவும் செல்வோரும் உளர். பயணச் சீட்டு, கடவுச் சீட்டு, விசா ஆகியவற்றைப் பற்றி விசாரிப்போர் பலர். ஆனால், எடுத்துச் செல்லும் பணம் வழியிலேயே எவ்வளவு தேயும் என்று விசாரிப்போர் சிலரே. அத்தேய்மானத்தைக் கணக்கிடக் கற்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக டென்மார்க் நாட்டைக் கொள்கிறேன். அந்நாட்டுக்கும் நமக்கும் நாணயத்தின் வழியாகவே ஒரு பழைய உறவு உண்டு என்பதே இதற்குக் காரணம்.

தரங்கம்பாடியில் டேனியர் நாணயம்

கி.பி. 1616-இல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியான் காலத்தில் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். மிளகும் துணியும் வாங்கவே அவர்கள் வந்தனர். பெரிய கொள்முதலுக்கு வெள்ளி உதவியது. ஆனால் அன்றாடக் கடைவீதியில் கீரையும் மீனும் வாங்க வெள்ளி நாணயம் எப்படி உதவும்? கீரைக்காரியிடம் டேனிய டேலரை நீட்டினால் சில்லறைக்கு அவள் எங்கே போவாள்?

ஆகவே டேனியர் நம் ஊர் வழக்கப்படியே சிறு காசு அடித்தனர். தொடக்கத்தில் ஈயத்திலும் பின்னர் செம்பிலும் அவை வெளிவந்தன. மன்னரின் எழுத்து முத்திரையும் முடியும் பொறித்த அந்நாணயத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'காஸ்'. அது நம் 'காசு' என்னும் சொல்லே. அதற்கு மேற்பட்ட வெள்ளி நாணயம் 'ஃபானோ' எனப்பட்டது. நம் 'பணம்' என்ற சொல்லே ஐரோப்பியர் நாவில் 'ஃபனம்' என்றும் 'ஃபானோ' என்றும் திரிந்தது. 80 காசு ஒரு பணம். 8 பணம் ஒரு ரூபாய். 18 பணம் ஒரு டேனிய வெள்ளி டேலர். இதுவே அங்கு வழங்கிய வாய்பாடு.

எங்கள் வகுப்பினர் கல்விச் சுற்றுலாவாகத் தரங்கம்பாடி சென்றபோது, செயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம், அணைக்கரை வழியே பேருந்தில் போனோம். கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கியபோது ஆசிரியர் ஒரு செய்தி கூறினார். முதலாம் இராசேந்திரன் வெளியிட்ட நாணயங்களில் புலி, மீன், வில் ஆகிய சின்னங்களோடு 'கங்கைகொண்ட சோழன்' என்ற பெயரும் பொறிக்கப்பட்டது என்பதே அது. வென்றவன் தன் பெயரைக் காசில் பொறித்தான். வாணிகம் செய்ய வந்த டேனியனோ, தன் அரசன் முத்திரையைப் பொறித்த போதிலும், காசின் பெயரை நம்மிடமிருந்தே பெற்றுக்கொண்டான். தரங்கம்பாடிக் கோட்டை வாயிலில் நின்றபோது இவ்வேறுபாடே என் மனத்தில் ஓடியது. சந்தைக்குப் போகிறவன் சந்தையின் காசைக் கையில் கொள்ள வேண்டும். அவன் பின்னால் பீரங்கி இருந்தாலும் இவ்விதி மாறாது.

இவ்வாட்சி 1845-இல் முடிவுற்றது. தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் டேனியர் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றனர். விலை பன்னிரண்டரை இலட்சம் ரூபாய். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1835-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் வாயிலாக, ஒரே தரமுள்ள கம்பெனி ரூபாய் வந்துவிட்டது. காசும் பணமும் வராகனும் படிப்படியாக வழக்கொழிந்தன.

வட்டம் என்னும் சொல்

பல அரசுகளின் நாணயங்கள் ஒரே கடைவீதியில் புழங்கிய காலத்தில், அவற்றை உரசியும் நிறுத்தும் பார்த்து மாற்றித் தருவோர் இன்றியமையாதவர் ஆயினர். நாணயம் நோட்டம் பார்ப்பவனை வண்ணக்கன் என்று பண்டைத் தமிழர் அழைத்தனர். பிற்காலத்தில் அவர்களுக்குச் சராப்பு என்ற பெயர் வழங்கிற்று. ஒரு நாணயத்தை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கும்போது சராப்பு பிடித்துக்கொள்ளும் கழிவுக்கு 'வட்டம்' என்று பெயர். வட்டி என்பது காலத்துக்குக் கொடுக்கும் விலை. வட்டம் என்பது நாணய மாற்றுக்குக் கொடுக்கும் விலை. வட்டியை நம் மக்கள் நன்கறிவர். நகைக் கடன் வட்டியைப் பைசாக் கணக்கில் சொல்லுவர். வட்டத்தையோ மறந்துவிட்டோம். பெயர் மறைந்தாலும் அது பிடிக்கப்படுவது நிற்கவில்லை.

எட்டு டாலரிலிருந்து இன்று வரை

விடுதலைக்குப் பின் நம் நாட்டில் அந்நியச் செலாவணி அரிய பொருளாக இருந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டமும், அதைவிடக் கடுமையான 1973-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமும் ஒவ்வொரு டாலரையும் காவல் காத்தன. கையில் எட்டு டாலரோடு விமானம் ஏறியதாக அக்கால மாணவர் பலர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளனர். போய்ச் சேர்ந்த ஊரில் உறவினரோ நண்பரோ இல்லையெனில் அவர் பாடு திண்டாட்டமே.

1991-இல் நாட்டின் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது. ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளிடம் ஈடு வைத்தது. அவ்வாண்டு சூலைத் திங்களில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. வீட்டு நகையை அடகு வைத்துப் பிள்ளையைக் கரையேற்றும் குடும்பத்துக்கு நாட்டின் அந்நிலை எளிதில் புரியும். பின்னர்க் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1993-இல் மாற்று விகிதம் சந்தையின் போக்கில் விடப்பட்டது. 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2004-இல் தொடங்கிய தாராளப் பணமனுப்பும் திட்டத்தில் முதலில் ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 25,000 டாலர் வரை அனுமதி இருந்தது. 2015 முதல் அவ்வரம்பு 2,50,000 டாலராக உள்ளது.

எட்டு டாலர்க் காலத்தில் பயணி பணம் கிடைக்கவில்லையே என்று வருந்தினான். இன்று அனுமதிக்குக் குறைவில்லை. அனுமதிக்கப்பட்ட தொகையில் எவ்வளவு நம் கையில் நிற்கிறது என்பதே இன்றைய கேள்வி.

டென்மார்க்கின் நாணயம்

"ஐரோப்பா என்றால் யூரோ" என்று பலர் எண்ணுகின்றனர். யூரோ நாணயமும் தாளும் 2002 சனவரி முதல் நாள் புழக்கத்துக்கு வந்தன என்பது மெய்தான். ஆனால் டென்மார்க் அதில் சேரவில்லை. 1973 முதல் அந்நாடு ஐரோப்பியக் கூட்டமைப்பில் உறுப்பு நாடு. 2001 முதல் ஷெங்கன் விசா முறையிலும் உண்டு. எனினும் 2000 செப்டம்பர் 28 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் டேனிய மக்கள் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் யூரோ வேண்டாம் என்றனர். எனவே விசா ஒன்றாயினும் நாணயம் வேறு.

அந்நாட்டு நாணயம் குரோன். அச்சொல்லுக்கு 'முடி' என்று பொருள். தரங்கம்பாடிக் காசில் பொறித்த அதே அரச முடி, அந்நாட்டு நாணயத்தின் பெயராகவே அமைந்துவிட்டது! பழைய டேலருக்கு மாற்றாக 1875 முதல் குரோன் வழங்கி வருகிறது. ஒரு குரோனுக்கு 100 ஓரே. இப்போது புழங்கும் மிகச் சிறிய நாணயம் 50 ஓரே. ஆதலால் ரொக்கமாகக் கொடுக்கும் தொகையை அதற்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ முழுமையாக்குவர். 1, 2, 5 குரோன் நாணயங்களின் நடுவே ஓட்டை உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் நாட்டில் வழங்கிய ஓட்டைக் காலணாவைப் பாட்டிமார் பெட்டியில் பார்த்தவர்க்கு இது வியப்பளிக்காது. 10, 20 குரோன் நாணயங்கள் பொன்னிறத்தவை. அவற்றில் ஓட்டை இல்லை. தாள்கள் 50, 100, 200, 500 குரோன் மதிப்புடையவை.

முன்பு 1,000 குரோன் தாளும் இருந்தது. அதுவும் பழைய வரிசைத் தாள்களும் 2025 மே 31-க்குப் பின் செல்லாதவை ஆயின. முன்னே போய் வந்த உறவினர் அன்போடு கொடுக்கும் பழைய தாளை நம்பிப் புறப்படலாகாது. 2016 நவம்பரில் நாம் வங்கி வாசலில் நின்றதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

குரோன் தனி நாணயமேயாயினும் யூரோவோடு கயிறு கட்டப்பட்டது போன்றது. 100 யூரோவுக்கு 746.038 குரோன் என்பது நடு விகிதம். அதிலிருந்து இருபுறமும் இரண்டேகால் விழுக்காட்டுக்கு மேல் விலகாதபடி காப்பது அந்நாட்டு மைய வங்கியின் கடமை. இதனால் பயணிக்கு ஒரு நன்மை உண்டு. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய ஏழரைக் குரோன் என்று நினைவில் வைத்துக்கொண்டால், தமக்குத் தரப்படும் விகிதம் நியாயமானதா என்பதைத் தாமே சோதிக்கலாம். சுற்றுலாப் பயணியர் கூடும் கடைகள் சில யூரோவையும் ஏற்கும். ஆனால் விகிதம் கடைக்காரர் வைப்பதே. மீதியும் குரோனாகத்தான் வரும்.

பயணியின் கைப்பணம்

ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கியிலும் நாணய மாற்று நிலையத்திலும் மட்டுமே செலாவணி வாங்குதல் வேண்டும். நம் பகுதியினர் இதற்குத் திருச்சிராப்பள்ளி செல்வது வழக்கம். கடவுச் சீட்டு, விசா, பயணச் சீட்டு, வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் ஆகியன வேண்டும். 50,000 ரூபாய் வரை ரொக்கமாகக் கொடுத்து வாங்கலாம். அதற்கு மேற்பட்டால் காசோலை முதலிய வங்கி வழியிலேயே செலுத்த வேண்டும். ஒரு பயணத்துக்கு வெளிநாட்டுத் தாள்களாக 3,000 டாலர் மதிப்பு வரை கொண்டு செல்லலாம். எஞ்சியதை அட்டையிலோ வேறு வகையிலோ கொள்ள வேண்டும். நம் ரூபாய்த் தாள்களை 25,000 வரை எடுத்துச் செல்லத் தடையில்லை. திரும்பி வரும்போது ஊர்ப் பேருந்துக்கு அது உதவும். ஐரோப்பிய எல்லைக்குள் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் கொண்டு செல்வோர் சுங்க அதிகாரியிடம் அறிவித்தாக வேண்டும்.

முற்காலத்தில் வணிகர் பொன்னைச் சுமந்து செல்வதற்கு மாறாக உண்டியல் எழுதி வாங்கிச் சென்றனர். அதே கருத்தில் 1891-இல் அமெரிக்க எக்ஸ்பிரஸ் கம்பெனி பயணியர் காசோலையை வெளியிட்டது. தொலைந்தாலும் மறுபடி பெறலாம் என்பது அதன் சிறப்பு. இன்று அதன் இடத்தைப் பயண அட்டை பிடித்துவிட்டது. புறப்படுமுன்னரே ரூபாயைக் கொடுத்து வெளிநாட்டு நாணயமாக அட்டையில் ஏற்றிக்கொள்வதே இம்முறை. சில அட்டைகளில் குரோன் ஏற்றலாம்; எல்லா அட்டைகளிலும் முடியாது. யூரோவோ டாலரோ ஏற்றினால், டென்மார்க்கில் அது மறுபடியும் குரோனாக மாறும். மறுபடியும் வட்டம் பிடிக்கப்படும்.

டென்மார்க்கில் ரொக்கத்தின் புழக்கம் மிகக் குறைவு. ஆளிருந்து நடத்தும் கடைகள் பகற்பொழுதில் ரொக்கத்தை ஏற்க வேண்டும் என்று சட்டம் உள்ளது. இரவு நேரத்தில் மறுக்கலாம். அந்நாட்டவர் கைப்பேசியாலேயே பணம் செலுத்துகின்றனர். அதற்கு அந்நாட்டு வங்கிக் கணக்கு வேண்டியிருப்பதால், சில நாள் தங்கும் பயணிக்கு அட்டையே கை கொடுக்கும். ஆதலால் சில நூறு குரோன் கையிலும், பெரும்பகுதி அட்டையிலும், முதல் அட்டை பழுதானால் உதவ இரண்டாவது அட்டை ஒன்று தனியேயும் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

கண்ணுக்குப் புலப்படாத வட்டம்

செந்துறைப் பக்கத்து உறவினர் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, ஆறு வாரப் பயிற்சிக்காக டென்மார்க் சென்றார். சித்தியின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. "எந்த நாட்டுக்கும் டாலர் செல்லும் தம்பி" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரூபாயை டாலராக்கினார். அங்கே போய் டாலரைக் குரோனாக்கினார். "கமிஷன் இல்லை" என்று எழுதியிருந்த கடையில்தான் மாற்றினார். திரும்பி வந்தபின் இரசீதுகளை என்னிடம் காட்டி, "எங்கேயும் கட்டணம் கட்டவில்லை, பணம் மட்டும் குறைந்துவிட்டதே, எப்படிடா?" என்று கேட்டார். இக்கட்டுரைக்கு வித்து அக்கேள்வியே.

அவர் கேட்டதற்கு விடையை ஒரு மாதிரிக் கணக்கால் விளக்குகிறேன். எடுத்துச் சென்றது ஓர் இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரூபாயை டாலராக்கும்போது 2 விழுக்காடு வட்டம் எனில் கையில் எஞ்சுவது 98,000 ரூபாய் மதிப்பு. டாலரைக் குரோனாக்கும்போது 4 விழுக்காடு எனில் எஞ்சுவது 94,080. கட்டணம் என்ற பெயரே இல்லாமல் 5,920 ரூபாய் போயிற்று. நேரே குரோன் அட்டையில் ஏற்றி, இரண்டரை விழுக்காடு வட்டம் கொடுத்திருந்தால் 2,500 ரூபாயோடு முடிந்திருக்கும். வேறுபாடு 3,420 ரூபாய். முந்திரிக்கொட்டை உடைத்துக் கூலி வாங்கும் ஒரு தாய்க்கு இது பல நாள் உழைப்பு.

வட்டம் மறைந்திருக்கும் இடங்களை வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. நாணய மாற்று நிலையத்தின் பலகையில் இரண்டு பத்திகள் இருக்கும். அவர்கள் நமக்கு விற்பது உயர்ந்த விலைக்கு. நம்மிடமிருந்து வாங்குவது தாழ்ந்த விலைக்கு. "கமிஷன் இல்லை" என்னும் கடையில் இவ்விடைவெளி அகன்றிருக்கும். பலகையின் இரு பத்திகளையும் படித்து, நடு விலையோடு ஒப்பிடுவதே வண்ணக்கன் வேலை.

இரண்டாவது, இரட்டை மாற்று. மேலே கண்ட கணக்கே இதற்குச் சான்று.

மூன்றாவது, சாதாரண வங்கி அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்தும்போது வங்கி கூட்டும் கூடுதல் விழுக்காடு. ஒப்பந்தத் தாளின் சிறிய எழுத்தில் அது இருக்கும். புறப்படுமுன் கேட்டறிதல் நலம்.

நான்காவது, பலரும் அறியாதது. வெளிநாட்டுக் கடையின் அட்டைப் பொறி சில வேளைகளில், "உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா, எங்கள் நாணயத்திலா?" என்று வினவும். ரூபாய் என்றால் நமக்குப் புரியுமே என்று அண்ணன் ரூபாயையே தேர்ந்தார். அவ்வாறு தேர்ந்தால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரர் சார்ந்த நிறுவனம். அவ்விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமே. குரோன் என்று தேர்வதே முறை. தெரிந்த பெயரைக் கண்டு மயங்காமல் அவ்வூர் நாணயத்தைத் தேர்க.

ஐந்தாவது, பணப் பொறிக் கட்டணம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் உண்டாதலால், சிறு தொகையாகப் பலமுறை எடுப்பதினும் தேவையறிந்து ஒரே முறை எடுப்பது சிக்கனம்.

அரசு வரிகள் இவற்றினின்றும் வேறானவை. ஓர் இலட்சம் ரூபாய் மாற்றினால் சரக்கு-சேவை வரி 180 ரூபாய் அளவே வரும். இவ்வரி முழுத் தொகைக்கும் இல்லை. மாற்றுச் சேவையின் மதிப்பாகக் கொள்ளப்படும் ஒரு விழுக்காட்டின் மேல்தான். பயணச் செலவுக்கு வாங்கும் செலாவணியில் முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டிய பகுதிக்கே பொருந்தும். அதையும் வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், அல்லது ஈடு செய்துகொள்ளலாம். வட்டமோ ஒருமுறை போனால் போனதுதான்.

திரும்பி வந்தபின்

மிஞ்சிய வெளிநாட்டுத் தாள்களைத் திரும்பிய நாளிலிருந்து 180 நாள்களுக்குள் வங்கியிலோ நாணய மாற்று நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். ஒப்படைக்கும்போதும் வட்டம் உண்டு. குரோனை 13 ரூபாய் 50 காசுக்கு வாங்கி, 12 ரூபாய் 40 காசுக்குத் திருப்பிக் கொடுத்தால், மிஞ்சிய ஆயிரம் குரோனில் 1,100 ரூபாய் நட்டம். ஆதலால் வேண்டிய அளவே மாற்றுதல் நன்று. சில்லறை நாணயங்களையோ இங்கு யாரும் வாங்குவதில்லை. அவற்றை அங்கேயே கடைசி நாளில் செலவழித்துவிட வேண்டும். அண்ணன் கொண்டுவந்த ஓட்டை நாணயங்கள் இப்போது தங்கை மகளின் கழுத்தில் கயிற்றில் தொங்குகின்றன.

முடிவுரை

தரங்கம்பாடிக்கு வந்த டேனியர், சந்தையின் காசு எதுவோ அதையே தம் காசாக்கிக் கொண்டனர். அரசும் அச்சுச் சாலையும் அவர்களிடம் இருந்தன. நம்மிடம் அவை இல்லை. கணக்கு மட்டுமே உண்டு. சேரிடத்தின் நாணயம் எது, எத்தனை முறை மாற்றுகிறோம், ஒவ்வொரு மாற்றிலும் வட்டம் எவ்வளவு ஆகிய மூன்றையும் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் போதும். குரோனுக்குச் சொன்ன இது சிங்கப்பூர் வெள்ளிக்கும் வளைகுடாத் திர்காமுக்கும் பொருந்தும்.

வணிகவியல் பயிலும் நாம் பேரேடும் ஐந்தொகையும் எழுதக் கற்கிறோம். நம் தெருவிலிருந்து ஒருவர் வெளிநாடு புறப்படும்போது அவரோடு அரை மணி நேரம் அமர்ந்து இக்கணக்கைப் போட்டுக் கொடுப்போமாயின், அடகுக் கடைக்குப் போன தோடு சில நாள் முன்னதாகவே வீடு திரும்பும்.